தொட்டிக்குள் வந்த பழத்தோட்டம்

தொட்டியில் நின்றபடியே, கைக்கெட்டும் உயரத்தில் காய்த்துக் குலுங்கும் ஆப்பிள் மரத்தின் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். "தொட்டி சிறியது, ஆகவே மரமும் சிறியது" என்று அப்போது உங்களுக்குத் தோன்றியிருக்கும். இது பாதி உண்மைதான். மண்ணும் நீரும் குறைந்தால் எந்த மரமும் குறுகும். ஆனால், விதையிலிருந்து முளைத்த ஆப்பிள் கன்றைத் தொட்டியில் நட்டுவிட்டுப் பழத்துக்காகக் காத்திருந்தால், பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதுதான். மரம் குட்டையாகவும் இருக்க வேண்டும், இரண்டு மூன்று ஆண்டுகளில் காய்க்கவும் வேண்டும் என்றால், அதன் இரகசியம் தொட்டியில் இல்லை, வேரில் இருக்கிறது. அந்த வேரை மனிதன் அடையாளம் கண்ட வரலாற்றை இங்கே பார்ப்போம்.

அரசரின் மரப்பெட்டிகள்

பிரான்சு நாட்டின் பதினான்காம் லூயி மன்னருக்கு ஆரஞ்சு மரங்களின் மேல் பெருவிருப்பம். வெர்சேல்ஸ் அரண்மனையின் குளிரை அம்மரங்கள் தாங்கமாட்டா. எனவே அவற்றை மரப்பெட்டிகளில் வளர்த்தார்கள். கோடையில் வெளியே நிறுத்துவார்கள். குளிர்காலம் வந்ததும் கட்டடத்துக்குள் கொண்டுசெல்வார்கள். இதற்கென்றே 1684 முதல் 1686 வரை மான்சார் என்ற கட்டடக் கலைஞர் ஒரு மாபெரும் கூடத்தைக் கட்டினார். இங்கே பெட்டியின் பயன் மரத்தை இடம் மாற்றுவதே அன்றி, அதைக் குட்டையாக்குவது அன்று.

அதே அரண்மனைக்கு அருகில் மன்னரின் காய்கனித் தோட்டத்தை அமைத்தவர் லா கேந்தினி. வழக்கறிஞர் தொழிலை விட்டுத் தோட்டக்கலைக்கு வந்தவர் இவர். இவர் காலத்தில் பேரி மரத்தைக் குவின்ஸ் என்னும் மரத்தின் வேரில் ஒட்டுக் கட்டும் வழக்கம் இருந்தது. அப்படி ஒட்டிய பேரி அடக்கமாக வளர்ந்தது, விரைவிலேயே காய்த்தது. ஆப்பிளுக்கும் இவ்வாறு ஒரு குட்டை வேர் உண்டு. அதைப் "பாரடைஸ்" என்று அழைத்தார்கள்.

ஒட்டு மரம் என்பது இரண்டு செடிகளின் கூட்டு என்பதை நினைவில் கொள்ளுங்கள். மேலே இருப்பது நாம் விரும்பும் பழத்தைத் தரும் ஒட்டுக்குச்சி. கீழே இருப்பது வேர்ச்செடி. பழத்தின் சுவையையும் நிறத்தையும் பெரும்பாலும் மேற்பகுதி முடிவுசெய்கிறது. மரத்தின் உயரத்தை முடிவுசெய்வதில் கீழ்ப்பகுதிக்கே பெரும்பங்கு.

கண்ணாடி மலிந்தது

இங்கிலாந்தில் சன்னல் முதலியவற்றுக்கான கண்ணாடியின் மீது வரி விதிக்கப்பட்டிருந்தது. 1845-இல் அந்த வரி நீக்கப்பட்டது. கண்ணாடி விலை இறங்கவே, பிரபுக்களிடம் மட்டும் இருந்த கண்ணாடி வீடு நடுத்தர மக்களுக்கும் கிட்டியது. சாபிரிட்ஜ்வொர்த் என்ற ஊரில் நாற்றுப்பண்ணை நடத்திய தாமஸ் ரிவர்ஸ் இந்த வாய்ப்பை நன்கு பயன்படுத்திக்கொண்டார். எளிய கண்ணாடிக் கொட்டகைக்குள் பீச், பிளம் முதலிய மரங்களைத் தொட்டிகளில் வளர்ப்பது எப்படி என்று அவர் எழுதிய நூல் அடுத்தடுத்துப் பல பதிப்புகள் கண்டது. அவ்வப்போது வேரை நறுக்கிவிட்டால் மரம் அடங்கும் என்பதையும் அவர் வலியுறுத்தினார். தொடக்கநிலையாளர்களுக்கான தொட்டிப் பழமர வளர்ப்பு பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

ஒரே பெயர், பல செடிகள்

ஆனால் ஒரு சிக்கல் வளர்ந்துகொண்டே வந்தது. "பாரடைஸ்" என்ற ஒரே பெயரில் ஒவ்வொரு பண்ணையும் வெவ்வேறு வேர்ச்செடியை விற்றது. குட்டை மரம் என்று நம்பி வாங்கியவரின் தோட்டத்தில் அது ஓங்கி வளர்ந்து, பக்கத்து மரங்களின் வெயிலையும் மறைத்தது. நட்டுச் சில ஆண்டுகள் சென்ற பின்னரே இது தெரியவரும். போன ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்கள்?

1913-இல் கென்ட் மாவட்டத்து ஈஸ்ட் மாலிங்கில் ஒரு பழ ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அங்கே ரொனால்ட் ஹாட்டன் என்பவர் பல இடங்களிலிருந்து திரட்டிய வேர்ச்செடிகளை ஒரே நிலத்தில் அருகருகே வளர்த்து ஒப்பிட்டார். இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நாம் செய்வது என்ன? மற்ற நிலைகளை மாறாமல் வைத்து, ஒன்றை மட்டும் மாற்றி அளக்கிறோம். ஹாட்டன் செய்ததும் அதுவே. கலந்துகிடந்தவற்றைப் பிரித்தார். ஒவ்வொன்றையும் மண் குவித்துப் பதியன் முறையில் பெருக்கினார். விதையில் பிறப்பவை தம்முள் வேறுபடும்; பதியனில் பிறப்பவை தாய்ச்செடியையே ஒத்திருக்கும்.

குழப்பம் தந்த பழைய பெயர்களுக்குப் பதிலாக அவர் எண்களை இட்டார். ஒன்பதாம் எண்ணைப் பெற்றது, பிரான்சில் "மெட்ஸ் மஞ்சள்" எனப்பட்ட வேர்ச்செடி. அதுவே உலகப் புகழ்பெற்ற எம்.9. அதன் மேல் ஒட்டிய ஆப்பிள் ஏறத்தாழ 2.5 முதல் 3 மீட்டர் உயரத்தோடு நின்றுவிடும். பின்னர், எம்.13, எம்.9 இரண்டையும் கலந்து எம்.27 என்னும் இன்னும் குட்டையான வேரையும் அங்கே உருவாக்கினார்கள்.

வேர் எவ்வாறு அடக்குகிறது?

நீரை மேலேற்றும் நுண்குழாய்கள் குட்டை வேர்களில் குறுகலாகவும் குறைவாகவும் உள்ளன. மரப்பகுதியை ஒப்பிட்டால் பட்டைப்பகுதி மிகுதி. ஒரே அழுத்த வேறுபாட்டில் குழாய் வழியே பாயும் நீரின் அளவு, ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று படித்திருப்பீர்கள். ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்கே! இதோடு, தளிரிலிருந்து பட்டை வழியே இறங்கும் ஆக்சின் என்ற ஊக்கியும் குறைகிறது. வளர்ச்சியில் செலவாகாமல் மிஞ்சும் உணவு பூவுக்கும் காய்க்கும் செல்கிறது.

நீங்கள் வளர்க்க விரும்பினால்

முதலில், கன்றை விற்பவரிடம் எந்த வேர் என்று கேளுங்கள். எண் சிறியதானால் மரமும் சிறியது என்று எண்ணாதீர்கள். எம்.25 பெரிய மரம், எம்.27 மிகக் குட்டை. எண் வெறும் அடையாளமே. தொட்டி 45 முதல் 50 செ.மீ. அகலம் இருக்கட்டும்; அடியில் வடிதுளை அவசியம். எம்.9-இன் வேர் எளிதில் முறியக்கூடியது; ஆகவே முட்டுக்கோல் நடுங்கள். எல்லாவற்றிலும் முக்கியம், ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். அதை மண் மூடினால் மேற்பகுதியே வேர்விட்டு, குட்டைத்தன்மை பறிபோகும்.

ஆப்பிளுக்குக் குளிர் தேவை. நம் சமவெளிகளில் அதை நம்பிப் பயனில்லை. மாம்பழ விருப்பம் உள்ளவர்கள் ஆம்ரபாலி இரகத்தை நாடலாம். வடநாட்டுத் தசேரியையும் தென்னாட்டு நீலத்தையும் கலந்து டில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய குட்டை மா இது. இங்கே குட்டைத்தன்மை வேரில் இல்லை, இரகத்திலேயே இருக்கிறது. எனவே குட்டை மரம் என்று ஒருவர் சொன்னால், குட்டைத்தன்மை எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். தொட்டியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்; தவறான கன்றுக்குக் காத்திருந்த ஆண்டுகளை மாற்ற முடியாது.