பெருமாள் மேஸ்திரியும் நீலப் புள்ளியும்

மதுரை கே.கே. நகரில் ஒரு நண்பர் வீட்டுக்கு முதல்முறையாகப் போகிறீர்கள். 'லொகேஷன் அனுப்பிட்டேன், பாருங்க' என்பார். அடுத்த மூச்சிலேயே, 'எதுக்கும் ஆர்ச்சுக்கு வந்துட்டு ஒரு போன் பண்ணிடுங்க!' அவர் பயம் நியாயம்தான். சென்னையிலும் ஒரு கே.கே. நகர் உண்டு. திருச்சியிலும் உண்டு.

செல்போன் திரையில், நீங்கள் நகர நகரக் கூடவே நகர்கிறதே ஒரு நீலப் புள்ளி... 'பூமியில் நான் சரியாக எங்கே நிற்கிறேன்?' என்ற கேள்விக்கு அது பதில். இதே கேள்வி இருநூறு வருஷத்துக்கு முன்பு தமிழ்நாட்டில் ஒரு வெள்ளைக்காரரைப் பிடித்து ஆட்டியது. பெயர் வில்லியம் லாம்டன்.

1802-ல் சென்னை பரங்கிமலை அருகே, நூறடி நீள எஃகுச் சங்கிலியைத் தரையில் போட்டுப் போட்டு ஏழரை மைல் அளந்தார். 57 நாள் ஆயிற்று! அந்த ஒரு கோட்டை வைத்துக்கொண்டால் போதும். அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்து உச்சி ஒன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால், மிச்ச தூரத்தைக் கணக்கே சொல்லிவிடும். இப்படி முக்கோணம் மேல் முக்கோணமாக இந்தியாவை அளக்கக் கிளம்பினார்.

உச்சிக்கு மலை வேண்டுமே? தஞ்சாவூர்ப் பக்கம் மருந்துக்கும் குன்று கிடையாது. கோயில் கோபுரம்தான் கதி! 1808-ல், அரை டன் கனமுள்ள தியோடலைட் கருவியைப் பெரிய கோயிலின் மேல் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நெளிந்துபோனது. வேறு ஆளாயிருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். லாம்டன் ஆறு வாரம் போராடி அதைத் தட்டி நிமிர்த்தினார். இதெல்லாம் வரலாற்றில் இருக்கிறது. அந்தக் கயிற்றை இழுத்தவர்கள் பெயர்?

மதுரையில் மட்டும் இந்த விஷயத்தில் ஓர் அதிசயம் நடந்தது. கே.கே. நகரிலிருந்து வைகையைத் தாண்டித் தெற்கே போங்கள். கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகள், சதுரத்துக்குள் சதுரம். அதற்கப்பால் ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1834 முதல 1847 வரை கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், ஊர் மூச்சு முட்டுகிறது என்று கோட்டையை இடிக்கச் சொன்னார். எப்படி? 'இடித்து அகழியைத் தூர்க்கிறவனுக்கு அந்த இடம்' என்றார். விடுவார்களா நம்ம ஆட்கள்!

வேலையை நடத்தியவர்கள் இருவர். சர்வேயர் மாரட், மேற்பார்வை பார்த்த பெருமாள். கோட்டை போன இடத்தில் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் வந்தன. வெளியே இருந்தவை வெளி வீதிகள். கலெக்டருக்கு ஊரார் ஒரு விளக்குத்தூண் வைத்தார்கள். விளக்குத்தூண் எல்லோருக்கும் தெரியும், யாருக்காக வைத்தது என்று கேட்டால் முழிப்பார்கள். மேஸ்திரி பெயரோ கடைக்குக் கடை பலகையில் தொங்குகிறது!

இனி ஆகாயம். வழி தவறிய கொரிய விமானத்தை 1983-ல் சோவியத் சுட்டது. 269 பேர் பலி. அதன் பிறகுதான், ராணுவத்துக்கான ஜி.பி.எஸ்.ஸைப் பொதுமக்களுக்கும் தருவதாக அமெரிக்கா சொன்னது. தந்ததிலும் வேண்டுமென்றே ஒரு பிசகு வைத்திருந்தார்கள், 100 மீட்டர் வரை. மதுரையில் 100 மீட்டர் என்றால் பக்கத்து வீதி! 2000 மே மாதம் அந்தப் பிசகை நீக்கினார்கள்.

சரி, நான்கு சாட்டிலைட் சேர்ந்தால் நீங்கள் நிற்கும் இடத்தை எண்ணாகச் சொல்லும். 'இது பெருமாள் மேஸ்திரி வீதி' என்று எந்த சாட்டிலைட்டுக்குத் தெரியும்? ஆள்தான் சொல்லவேண்டும். 2008-ல் கூகுள் 'மேப் மேக்கர்' என்று ஒன்றைத் திறந்துவிட, தெரு, கோயில், பஸ் ஸ்டாப் என்று நம்மவர்கள் உட்கார்ந்து குறித்தார்கள், சம்பளமில்லாமல்! 2013-ல் இதற்கு ஒரு போட்டியே நடந்தது. சர்வே ஆஃப் இந்தியா, லாம்டன் பரம்பரையல்லவா, அனுமதியில்லாமல் வரைபடமா என்று டெல்லி போலீசுக்குப் போய்விட்டது. 2017-ல் மேப் மேக்கர் மூடப்பட்டது. 2021-ல் அரசாங்கமே விதிகளைத் தளர்த்திவிட்டது என்பது வேறு கதை. குறித்த பெயர்கள் திரையில் தங்கிவிட்டன. குறித்தவர்கள் யார்? லாம்டனின் கயிற்றுக்காரர்கள் மாதிரிதான்.

பேசிக்கொண்டே வந்ததில் ஆர்ச் வந்துவிட்டது பாருங்கள். நண்பருக்கு ஒரு போன் பண்ணிவிடுங்கள்.