தெருத் தொல்லையும் பயண முன்கணக்கும்: தாம்பரம் வட்டாரத்தை முன்வைத்து

1. வரையறை

பொது இடத்தில் ஓர் ஆண் பார்வையாலோ பேச்சாலோ தொடுகையாலோ பின்தொடர்வதாலோ ஒரு பெண்ணுக்கு அவள் விரும்பாத இடையூறு செய்வதைத் ‘தெருத் தொல்லை’ என்கிறோம். அதைத் தவிர்க்க அவள் நாள்தோறும் நேரம், வழி, உடை ஆகியவற்றில் செய்துகொள்ளும் தேர்வுகளைப் ‘பயண முன்கணக்கு’ என்கிறோம். முன்னது நிகழ்ச்சி. பின்னது, எதுவும் நிகழாத நாளிலும் இறங்காத சுமை. இந்தச் சுமையை அளக்காத ஆய்வு பாதி ஆய்வே என்பது எம் முடிபு.

2. வகைகள்

தொல்லையை நெரிசல் தொல்லை, தனிமைத் தொல்லை, தொடர் தொல்லை என மூன்றாகப் பகுக்கலாம். ஜி.எஸ்.டி. சாலைப் பேருந்துகளில் காண்பது முதல் வகை. ‘இடிமன்னன்’ என்று பெண்கள் பெயர் சூட்டியிருப்பவனுக்குக் கூட்டமே மறைவிடம். தட்டிக்கேட்டால், “கூட்டம்னா அப்படித்தான் இருக்கும்” என்பான். விளக்கெரியாத உட்தெருவும் ஆளில்லாத நடைமேம்பாலமும் இரண்டாம் வகைக்கு இடம் தருகின்றன.

மூன்றாவதே கொடியது. ஒரே ஆள் அதே நிறுத்தத்தில் நாள்தோறும் வந்து நிற்பான். 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில், தன்னைப் பின்தொடர்ந்து வந்தவனால் கல்லூரி மாணவி ஒருவர் ரயில்முன் தள்ளிக் கொல்லப்பட்டார். தொடர் தொல்லையைச் சில்லறை விஷயம் என்று ஒதுக்குவோர் இதை மறக்கலாகாது.

3. முன்கணக்கின் படிகள்

தாம்பரத்தின் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் இரவு வேலை முடித்து, சானடோரியம் ரயில் நிலையத்துக்கு நடக்கும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். கிளம்புமுன் துப்பட்டாவில் ஓர் ஊக்கு கூடுதலாக ஏறுகிறது. குத்துவதற்கும் அது உதவும். நடைமேடையில் பை முன்பக்கம் வருகிறது. பெண்கள் பெட்டியில் வேறு யாருமில்லை என்றால், அவள் பொதுப்பெட்டிக்கே மாறிக்கொள்கிறாள். பாதுகாப்புக்கென ஒதுக்கிய இடம், ஆளில்லாதபோது அச்சம் தரும் இடமாகிவிடுகிறது. இறங்கியபின், அழைப்பே இல்லாத போனில், “அப்பா, தெருமுனைக்கு வந்துட்டேன்” என்று உரக்கப் பேசிக்கொண்டு நடக்கிறாள்.

இறுதிப் படி மௌனம். நடந்ததை வீட்டில் சொன்னால், “வேலையை விட்டுடு” என்பார்கள். ஆகவே அவள் சொல்வதில்லை. இந்த மௌனத்தை அச்சமென்று மட்டும் கொள்வது பிழை. வேலையைக் காக்க அவள் கொடுக்கும் விலை அது.

4. சட்டம்

சென்னைக் கல்லூரி மாணவி ஒருவர் இத்தகைய தொல்லையால் உயிரிழந்ததையடுத்து, 1998இல் தமிழ்நாடு தனிச்சட்டம் இயற்றியது. அதன்படி, ஓடும் பேருந்தில் ஒரு பெண் புகார் செய்தால், ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு ஓட்டிச்செல்ல வேண்டும். தென்காசியில் எழுந்த வழக்கொன்றில், 2012 நவம்பர் 30 அன்று, பேருந்து நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் சாதாரண உடையில் பெண் காவலரை நிறுத்துமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2022 முதல் தாம்பரத்துக்கென்றே காவல் ஆணையரகமும் இருக்கிறது.

ஆயினும் சட்டம் புகாருக்காகக் காத்திருப்பது. முன்கணக்கோ புகாருக்கு இடமே வைப்பதில்லை. இடைவெளி அங்கேதான் இருக்கிறது. புகார் வந்தால் வண்டியைக் காவல் நிலையத்துக்கு ஓட்டிச்செல்ல வேண்டிய ஓட்டுநர், நடத்துநரின் கடமையை ஒவ்வொரு பேருந்தினுள்ளும் பெரிய எழுத்தில் எழுதிவைக்குமாறு போக்குவரத்துத் துறையை வேண்டுகிறோம்.