ஒலிவாங்கியும் லயன் காம்பராவும்: தமிழ் ஒலிபரப்பாளர் வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

ஒலிபரப்பாளரின் புகழை அவரது குரல்வளத்துக்கும் தனித்திறமைக்கும் மட்டுமே உரியதாகக் காண்பது நம்மிடையே நிலவும் வழக்கம். திறமை இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆயின், அத்திறமை ஒரு வாழ்வுத்தொழிலாக உருப்பெற ஏதுவாயிருந்த பொருளாதார உறவுகள் எவை, அவற்றில் மலையகத் தோட்டத் தொழிலாளர் பெற்ற இடம் யாது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

1925இல் கொழும்பில் தொடங்கிய வானொலி, 1950இல் வர்த்தக சேவையை ஆரம்பித்தது. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களைக் கட்டுப்படுத்தவே, நேயர்கள் இலங்கை வானொலியை நாடினர். விளம்பரதாரர் நேயர்களைத் தொடர்ந்தனர். வர்த்தக சேவையின் முதல் தமிழ் அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனத்தின் பெரும்புகழ் இச்சந்தையின் மீதே எழுந்தது. சிறுவர் நிகழ்ச்சியில் குரல் கொடுக்கத் தொடங்கிய பி. எச். அப்துல் ஹமீத், 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியைப் பின்னாளில் சன் தொலைக்காட்சி வரை கொண்டு சென்றார். இலங்கை வானொலி நாடகங்களில் பயின்ற சா. மு. அப்துல் ஜப்பார், 1980 முதல் சென்னை வானொலியில் கிரிக்கெட் நேர்முக வருணனை செய்து, ஆங்கிலத்துக்கே உரியதெனக் கருதப்பட்ட ஆட்டத்தைத் தமிழில் நடமாடச் செய்தார். நேயர்களின் பேரன்பைப் பெற்ற கே. எஸ். ராஜாவோ 1994இல் கொழும்பில் கொல்லப்பட்டார். புகழ் பாதுகாப்பாகவில்லை.

இக்குரல்களைக் கேட்டவர்களுள் பெருந்தொகையினர் தோட்டத் தொழிலாளர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும், 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் பற்றிய முடிவு ஒத்திவைக்கப்பட்டது. அறிவிப்பாளரின் குரல் கடவுச்சீட்டின்றிக் கடலைக் கடந்தது. கேட்டவர்களின் குடும்பங்களோ இரண்டாகப் பிளவுண்டு கடலைக் கடந்தன.

சிவனொளிபாதமலை அடிவாரத்திலுள்ள நல்லதண்ணியை இங்கு நோக்குதல் தகும். அப்பகுதியின் நீர் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தைச் சேர்ந்து மின்சாரமாகிறது. 1969இல் அமைந்த அந்நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீரில் அமிழ்ந்தது. ஆயினும், தோட்டத்து லயன் காம்பராக்களுக்கு மின்சாரம் மிகப் பிந்தியே வந்தது. மலையின் நீர் கொழும்பின் விளக்குகளை எரிக்க, மலையின் மக்கள் பற்றரி வானொலியையே நம்பியிருந்தனர். தொலைக்காட்சியிலும் இம்முரண்பாடு தொடர்ந்தது. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் தொடங்கியது; அதன் பிரதான அஞ்சற்கோபுரம் நுவரெலியாவின் பேதுருதாலகாலையில் நின்றது. இரண்டு நாட்களின் பின், இலங்கையின் முதலாவது டெஸ்ட் ஆட்டம் கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் ஆரம்பமாயிற்று. படத்தைப் பரப்பும் கோபுரம் தோட்டங்களுக்கு மேலே நின்றது. பெட்டியை இயக்கும் மின்சாரம் தோட்டங்களுக்குள் இல்லை.

முத்தையா முரளிதரனின் பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து தோட்டத் தொழிலுக்கு வந்தவர். பேரன் 2010இல் 800 டெஸ்ட் விக்கெட்டுகளை எட்டினார். இதனை மலையகத்தின் பொதுவான எழுச்சியாகக் கொள்வது பிழையாகும். இடையில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையும், கண்டியின் புகழ்பெற்ற கல்லூரியொன்றும் உள்ளன. அவ்வாயில் லயத்துப் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கவில்லை. ஒலிவாங்கியின் நிலையும் இதுவே. செம்மையான உச்சரிப்பு எனப் போற்றப்பட்டது நடுநிலையான அளவுகோலன்று; கல்வி வாய்ப்புப் பெற்றோரின் மொழியே அவ்வளவுகோலாயிற்று. தோட்டத்துப் பேச்சுமொழி பெரும்பாலும் நாடகப் பாத்திரத்தின் மொழியாகவே ஒலித்தது. செய்திக்கும் வருணனைக்கும் உரிய மொழியாக ஏற்கப்படவில்லை.

எனவே, ஒலிபரப்பாளர் வரலாறு நட்சத்திரங்களின் வாழ்க்கைக் குறிப்புகளோடு அமைதலாகாது. பாடல் கேட்டு அஞ்சலட்டை எழுதியவர் யார், பற்றரி வாங்கிய கூலி எவ்வளவு உழைப்பின் பயன், கேட்டவர் பேசும் வாய்ப்பை ஏன் பெறவில்லை என்பனவும் அவ்வரலாற்றின் பகுதிகளே. அக்காலத்து நேயர்களில் எஞ்சியோர் இன்று முதுமையெய்தியுள்ளனர். அவர்களின் நினைவுகளைத் தோட்டந்தோறும் சென்று பதிவுசெய்தல் ஆய்வாளர் முன்னுள்ள உடனடிக் கடமையாகும்.