முகவரி ஏடும் கைப்பேசியும்

ஊரை விட்டு வெளியே வந்து வாழ்வோர் வீட்டில் ஒரு சிறிய ஏடு இருப்பது நெடுநாளைய வழக்கம். தில்லியிலோ, மும்பையிலோ, கொல்கத்தாவிலோ குடியேறிய நம் குடும்பங்களில் தொலைபேசிக்கு அருகே கிடந்த அந்த ஏட்டை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். கும்பகோணத்துச் சித்தப்பாவின் விலாசம், திருநெல்வேலி அத்தை வீட்டிற்கு அடுத்த வீட்டுத் தொலைபேசி எண், ஊர்க்கோயில் குருக்களின் பெயர் ஆகிய எல்லாம் அதில் அடங்கியிருக்கும். ஆண்டு பிறந்தவுடன் புது டைரி வாங்கிப் பழைய டைரியிலிருந்து பெயர்களை எடுத்தெழுதும் பணி வீட்டில் யாரேனும் ஒருவர்க்கு வாய்க்கும். எழுதும்போதே காலமானோர் பெயர் விடுபடும். வீடு மாறியோர்க்குப் புது விலாசம் ஏறும்.

ஏடு ஒன்றாக இருக்கும்வரை தொல்லை இல்லை. அலுவலகத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று இரண்டானால் சிக்கல் பிறந்துவிடுகிறது. தம்பி வீடு மாறிய செய்தி வீட்டு ஏட்டில் ஏறியிருக்கும். அதே தம்பியின் புதிய எண் அலுவலக ஏட்டில் ஏறியிருக்கும். இரண்டும் பாதி மெய், பாதி பழையது. எந்த ஏட்டை நம்புவது? இரண்டையும் எவ்வாறு ஒன்றாக்குவது? இந்தச் சிறிய வினாவுக்கு விடை காண உலகின் பெரிய கம்பெனிகள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்தன. அவ்வரலாற்றையே ஈண்டுக் காணப் புகுகின்றோம்.

கையடக்கமான மின்னணு ஏடுகள் 1980களில் தோன்றின. இங்கிலாந்தின் சையான் கம்பெனியார் 1984இல் ஆர்கனைசர் என்னும் சாதனத்தை வெளியிட்டனர். 1993இல் அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனியார் நியூட்டன் என்ற கருவியைக் கொணர்ந்தனர். கையெழுத்தைப் படித்தறிவதாகச் சொல்லிக்கொண்ட அக்கருவி, தொடக்கத்தில் எழுதியது ஒன்றும் படித்தது வேறொன்றுமாக நகைப்புக்கு இடமாயிற்று. இவை யாவும் தம்மளவில் தனி ஏடுகளாகவே கருதப்பட்டன. மேசைக் கணிப்பொறியோடு இணைப்பதற்குக் கம்பியும் மென்பொருளும் கிடைத்தன என்றாலும், அது தேர்ந்தவர்க்கே கைவந்த வித்தையாக இருந்தது.

இந்நிலையை மாற்றியவர் ஜெஃப் ஹாக்கின்ஸ். பாம் என்னும் கம்பெனியை 1992இல் நிறுவியவர் அவர். பாம் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உள்ளங்கை என்பது பொருள். ஹாக்கின்ஸ் ஒரு மரத்துண்டைச் சட்டைப்பைக்கு அளவாக அறுத்துக்கொண்டு, அதையே கருவியாகப் பாவித்துப் பல நாள் சுமந்து திரிந்தார்; யாரேனும் நாள் குறிக்கக் கேட்டால் மரத்துண்டை எடுத்து எழுதுவது போல் பாவனை செய்தார். இவ்வாறு ஆராய்ந்து அவர் கண்ட உண்மை ஒன்று உண்டு. கைக்கருவி கணிப்பொறிக்குப் போட்டி அன்று; கணிப்பொறியில் இருக்கும் ஏட்டின் மறுபடியே அது. ஆகையால் இரண்டையும் ஒன்றாக்குவதே தலையாய வேலை. மற்றவை துணை வேலைகளே.

1996இல் பைலட் என்ற பெயரோடு அக்கருவி விற்பனைக்கு வந்தது. பெட்டியைத் திறந்தால் கருவியோடு ஒரு சிறிய தொட்டிலும் இருக்கும். தொட்டிலைக் கம்பியால் கணிப்பொறியோடு பொருத்திவிட்டுக் கருவியை அதில் அமர்த்தி, ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். சிறிது நேரத்தில் இரு ஏடுகளும் ஒன்றாகிவிடும். இதற்கு ஹாட்சிங்க் என்று பெயரிட்டனர். விலை குறைந்த வகையில் நினைவகம் 128 கிலோபைட் மட்டுமே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் கூட அதில் அடங்காது. பைலட் என்ற பெயருடைய பேனாக் கம்பெனியார் நீதிமன்றம் சென்றமையால் பிற்காலத்தில் அப்பெயர் கைவிடப்பட்டுப் பாம் என்பதே நிலைத்தது.

பொத்தானை அழுத்தியபின் உள்ளே நடப்பது யாது? நம் அண்ணன் தங்கையர் இரு ஏடுகளை வைத்துக்கொண்டு செய்வதையே இயந்திரமும் செய்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் அருகே ஒரு நுண்ணிய குறி உண்டு. பெயர் திருத்தப்பட்டால் ஒரு குறி. நீக்கப்பட்டால் மற்றொரு குறி. சென்ற முறை இணைந்த அதே கணிப்பொறியோடு மீண்டும் இணைந்தால், குறியிட்ட பெயர்களை மட்டும் பரிமாறிக்கொண்டால் போதும். வேலை விரைவில் முடியும். வேறொரு கணிப்பொறியோடு இணைந்திருந்தால் குறிகளை நம்ப இயலாது. அப்பொழுது ஏடு முழுவதையும் முன்பிருந்த படியோடு வரிவரியாக ஒப்பிட வேண்டியதாகும்.

ஒரே பெயர் இரு பக்கத்திலும் வேறு வேறாகத் திருத்தப்பட்டிருந்தால் என் செய்வது? பாம் கருவி இரண்டையுமே வைத்துக்கொண்டது. ஒரு பக்கம் நீக்கப்பட்டு மறுபக்கம் திருத்தப்பட்டிருந்தால், திருத்தப்பட்டதைக் காப்பாற்றியது. இது நேர்மையான தீர்ப்பு என்றே கருதுகின்றோம். எது மெய்யென்று அறியாத இயந்திரம், அறிந்த மனிதரிடம் முடிவை விட்டுவிடுகிறது. பின்னால் வந்த மென்பொருள்கள் பல, கடைசியாகத் திருத்தியதே செல்லும் என்ற சுருக்கு வழியைக் கைக்கொண்டன. அவற்றால் ஏடு அழகாக இருந்தது. அரிய எண்கள் ஓசையின்றி மறைந்தன.

ஒவ்வொரு கம்பெனியும் தத்தம் கருவிக்குத் தனித்தனி மொழி வகுத்துக்கொண்டிருந்தமையால் ஒருவர் ஏட்டை மற்றவர் கருவி படிக்க இயலாதிருந்தது. ஆப்பிள், ஏ.டி. அண்டு டி., ஐ.பி.எம்., சீமென்ஸ் ஆகிய கம்பெனிகள் வெர்சிட் என்ற பெயரில் ஒன்றுகூடி, முகவரிக்கு வி-கார்டு என்றும் நாட்குறிப்புக்கு வி-காலண்டர் என்றும் பொதுவடிவங்களை வகுத்தன. 1996இன் இறுதியில் இவை இணைய அஞ்சல் துறையினர் அமைத்த கூட்டமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டன. 1998இல் வி-கார்டின் அடுத்த பதிப்பும், வி-காலண்டரின் வழிவந்த ஐ-காலண்டரும் இணையத்தின் பொதுமுறைகளாக வெளியாயின.

இந்த வி-கார்டு நம்மவர்க்குப் புதியதொரு தலைவலியையும் தந்தது. அது பெயரை ஐந்தாகக் கூறுபோடுகிறது: குடும்பப் பெயர், இடுபெயர், இடைப்பெயர், முன்னால் வரும் பட்டம், பின்னால் வரும் பட்டம். தமிழர்க்கோ குடும்பப் பெயர் என்பது பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. வடமாநிலங்களில் பள்ளிச் சேர்க்கைத் தாளிலும் வங்கித் தாளிலும் இந்தக் கட்டத்தின் முன் நாம் எத்தனை முறை திகைத்து நின்றிருக்கின்றோம்! எஸ். ராமன் ஒரு கருவியில் ராமன் எஸ். ஆவார், மற்றொன்றில் எஸ் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவராகி, அகர வரிசையில் எங்கோ போய் ஒளிந்துகொள்வார். 2011இல் வெளியான நான்காம் பதிப்பில், பெயரை முழுமையாக எழுதினால் போதும், கூறுபோடுவது கட்டாயமன்று என்று விதி தளர்ந்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்தேனும் வந்ததே என்று மகிழ வேண்டியதுதான்.

எழுத்தின் கதையும் இதைப் போன்றதே. யூனிகோடு என்னும் உலகப் பொது எழுத்து முறையில் 1991இல் வெளியான முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆயினும் வி-கார்டின் பழைய பதிப்பு ஆங்கில எழுத்தையே இயல்பாகக் கொண்டது. பிறமொழி எழுத்தைக் குறியீடுகளாக உடைத்து அனுப்பிற்று. அம்முறையில் 'அ' என்னும் ஓரெழுத்துக்கு ஒன்பது குறிகள் தேவை. 'கி' என்பதற்குப் பதினெட்டு. இவ்வாறு உடைத்ததை மறுமுனையில் உள்ள கருவி சேர்த்துப் படிக்கத் தெரியாததானால், அம்மாவின் பெயர் இருந்த இடத்தில் சமக்குறிகளும் எண்களுமே நிற்கும். நம்மிற் பலர் இன்றும் உறவினர் பெயரை ஆங்கில எழுத்திலேயே பதிந்து வைப்பதற்குப் பழைய கருவிகள் இட்ட அச்சமும் ஒரு காரணமாகும்.

இந்தியாவில் முதல் கைப்பேசி உரையாடல் 1995ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்த முதலமைச்சர் ஜோதி பாசுவுக்கும் தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக் ராமுக்கும் இடையே நிகழ்ந்தது. தொடக்ககாலக் கைப்பேசிகளில் பெயர்கள் பெரும்பாலும் சிம் அட்டையிலேயே இருந்தன. பெயர் ஒன்று, எண் ஒன்று; அதற்கு மேல் இடமில்லை. அட்டை தொலைந்தால் ஏடும் தொலைந்தது.

கைப்பேசியும் கணிப்பொறியும் பேசிக்கொள்ளும் பொதுமொழி ஒன்று வேண்டுமென்று 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் நோக்கியா, எரிக்சன், மோட்டரோலா, ஐ.பி.எம்., லோட்டஸ், பாம், சையான், ஸ்டார்ஃபிஷ் ஆகிய எட்டுக் கம்பெனிகள் கூடின. அவ்வாண்டு டிசம்பரிலேயே சிங்க்-எம்.எல். என்னும் முறை வெளியாயிற்று. மைக்ரோசாஃப்ட் கம்பெனி அந்த எட்டில் இல்லை. அது ஆக்டிவ்சிங்க் என்ற தன் சொந்த வழியில் சென்றது. சிங்க்-எம்.எல். முறையில் ஓர் அழகிய சொல் வழங்கிற்று: நங்கூரம். ஒவ்வொரு முறை இணையும்போதும் இருபுறமும் ஓர் அடையாளத்தைப் பதித்துக்கொள்ளும். அடுத்த முறை அவ்விரு நங்கூரங்களும் ஒத்திருந்தால், சென்ற சந்திப்பு முறையாக முடிந்தது என்று தெளிந்து மாற்றங்களை மட்டும் பரிமாறும். ஒவ்வாவிட்டால் தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் ஒப்பிடும். கைப்பேசியைப் பழுதுபார்த்து வாங்கியபின் எல்லாப் பெயரும் இரண்டிரண்டாக வந்து நின்ற அனுபவம் பலர்க்கு உண்டு. நங்கூரம் அறுந்துபோனதும், ஒப்பிட்டுப் பார்த்த மென்பொருள் ஒன்றே என்று அறியத் தவறியதுமே அதன் காரணம்.

நம் நாட்டில் மிகுதியாகப் பரவியது நோக்கியா கைப்பேசியும் அதனோடு வந்த பி.சி. சூட் என்ற மென்பொருளும். அக்கம்பெனியின் தொழிற்சாலை 2006 முதல் ஸ்ரீபெரும்புதூரில் நடைபெற்று 2014இல் மூடப்பட்டது. தமிழ்நாட்டில் உருவான கைப்பேசியைப் புனேயிலோ சூரத்திலோ வாங்கி, கம்பியால் கணிப்பொறியோடு இணைத்து ஏட்டைப் படியெடுத்தவர் எத்தனையோ பேர்.

ஆனால் இயந்திரத்தால் அவிழ்க்க இயலாத முடிச்சு ஒன்றை நாமே போட்டுவைத்தோம். வேறு மாநிலத்துக் கைப்பேசியை அழைக்க எண்ணுக்கு முன் சுழியம் சேர்க்கும் வழக்கம் இருந்தது. எனவே ஊரில் இருப்போர் எண்களைச் சுழியத்தோடு பதிந்தோம். அவர்கள் அழைத்தபோது வந்த எண்ணை 91 என்ற நாட்டு எண்ணோடு பதிந்தோம். விடுமுறைக்கு ஊர் சென்றபோது பத்து இலக்கத்தில் மூன்றாம் முறையும் பதிந்தோம். மாமா ஒருவரே, ஏட்டில் மூவர். 2011இல் கம்பெனி மாறினாலும் எண்ணை மாற்ற வேண்டாத வசதி நாடெங்கும் வந்தது. 2015 ஜூலை முதல் மாநிலம் மாறினாலும் எண்ணை வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. இடமாற்ற ஆணை வருந்தோறும் உறவினர் அனைவர்க்கும் புது எண்ணை அறிவித்துக் களைத்தவர்க்கே இதன் அருமை விளங்கும்.

நாட்குறிப்பை ஒன்றாக்குவது முகவரியை ஒன்றாக்குவதினும் கடினம். ஏனெனில் நேரம் என்பது இடத்தைப் பொறுத்தது. நம் நாட்டிலேயே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரயில்கள் சென்னை நேரத்தைப் பின்பற்ற, பம்பாயும் கல்கத்தாவும் தத்தம் நேரத்தை வைத்திருந்தன. 1906இல் இந்திய நேரம் வகுக்கப்பட்டபின்னும் கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தம் நேரத்தை முற்றிலும் விடவில்லை. இந்திய நேரம் கிரீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. பிறந்தநாளை நள்ளிரவு பன்னிரண்டு மணி என்று கருவி குறித்து, அதைக் கிரீனிச் நேரமாக மாற்றி அனுப்பினால், அது முந்திய நாள் மாலை ஆறரை மணியாகிவிடும். அவ்வாறு ஒரு நாள் முந்திப் பிறந்த குழந்தைகள் பல கருவிகளில் இருந்தன. நாளை நாளாகவே எழுத வேண்டும், மணியாக எழுதலாகாது என்று ஐ-காலண்டர் வழி வகுத்திருந்தும், எல்லாக் கருவிகளும் அதனை மதிக்கவில்லை.

திதியின் நிலை இதனினும் பரிதாபம். தந்தையாரின் சிராத்தம் ஆண்டுதோறும் வரும். ஆனால் ஆங்கிலத் தேதியில் வாராது. 1998இன் முறை ஆங்கிலக் காலண்டர் ஒன்றையே அறியும். 2015இல் வெளியான ஒரு திருத்தம் சீன, எபிரேய, எத்தியோப்பியக் காலண்டர்களுக்கும் வழி திறந்தது. நம் வீடுகளில் இன்றும் பஞ்சாங்கம் பார்த்து, அவ்வாண்டுக்குரிய தேதியைக் கையாலேயே கைப்பேசியில் பதிகின்றோம்.

2007க்குப் பின் கம்பியும் தொட்டிலும் மெல்ல மறைந்தன. அவ்வாண்டு நாட்குறிப்புக்குக் கால்-டேவ் என்ற பொதுமுறையும், 2011இல் முகவரிக்குக் கார்டு-டேவ் என்ற பொதுமுறையும் வந்தன. 2008இல் ஆண்ட்ராய்டு கைப்பேசி பிறந்தபோதே அதன் ஏடு கூகுளின் சர்வரோடு பிணைந்திருந்தது. ஆப்பிளின் ஐகிளவுட் 2011இல் தொடங்கியபோது மேசைக் கணிப்பொறி தன் தலைமையை இழந்தது. மூல ஏடு தொலைவிலுள்ள கம்பெனியின் சர்வரில். கைப்பேசியும் கணிப்பொறியும் அதன் படிகள்.

இம்முறையின் அபாயம் முன்னரே வெளிப்பட்டிருந்தது. அமெரிக்காவில் சைடுகிக் என்ற கைப்பேசி ஏட்டையெல்லாம் சர்வரிலேயே வைத்திருந்தது. 2009 அக்டோபரில் அந்தச் சர்வர் பழுதுற்றது. பெயர்களும் நாட்குறிப்புகளும் பெரும்பாலும் மீளா என்று முதலில் அறிவித்தனர். சில நாட்களில் பெரும்பகுதியை மீட்டனர். 2012இல் வேறுவகை அபாயம் தெரிந்தது. பாத் என்னும் செயலி, கேளாமலே ஐபோனிலுள்ள ஏட்டை முழுவதும் தன் சர்வருக்கு எடுத்துச்சென்றது கண்டுபிடிக்கப்பட்டது; அடுத்த ஆண்டு அமெரிக்க அரசின் வணிக ஆணையத்துக்கு 8 இலட்சம் டாலர் செலுத்த அக்கம்பெனி உடன்பட்டது. அதே 2012இல் ஐபோனும், 2015இல் ஆண்ட்ராய்டும், ஏட்டைத் தொடுமுன் உரியவர் இசைவைக் கேட்கும் முறைக்கு மாறின. நாம் இசைவு தருவது நம் ஏட்டுக்கு. ஏட்டில் உள்ள எண்களோ சித்தப்பாவுடையவை, அத்தையுடையவை. அவர்களை யாரும் கேட்பதில்லை.

ஒரு கம்பெனியின் கைப்பேசியிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் நேயர்கள் முகவரிச் செயலியில் ஏற்றுமதி என்ற கட்டளையைத் தேடினால், ஒரு கோப்பு கிடைக்கும். அது 1996இல் வகுத்த அதே வி-கார்டின் வழிவந்தது. சில கருவிகள் இன்னும் பழைய பதிப்பிலேயே எழுதுகின்றன. ஆகவே தமிழில் பதிந்த பெயர்கள் புதிய கைப்பேசியில் தமிழாகவே வந்துள்ளனவா என்று பார்த்தபின்னரே பழையதைத் துடைத்தல் வேண்டும். அக்கோப்பைக் கணிப்பொறியில் ஒன்றும், வீட்டிலுள்ள மற்றொருவரிடம் ஒன்றுமாக வைத்துக்கொள்ளலாம்.