பட்டையும் மாத்திரையும்

ராகலையிலிருந்து நுவரெலியா சென்று பதுளைப் பாதையில் இறங்குவோர் ஹக்கலைப் பூங்காவைக் காண்பர். 1861இல் சிங்கோனா மரத்தைப் பயிரிட்டுப் பார்க்கவே அது நிறுவப்பெற்றது. மலேரியாவுக்குரிய கொயினா அம்மரப் பட்டையிலிருந்தே கிடைத்தது. கோப்பி நோயுற்று மடிந்தபின், 1880களில் துரைமார் மலைநாடெங்கும் சிங்கோனாவை நட்டனர். நம் பாட்டன்மார் பட்டை உரித்தனர். உற்பத்தி மிகுந்து விலை சரிந்ததும் மரங்கள் வீழ்ந்தன, தேயிலை எழுந்தது. மலேரியா அப்போது ஒழிந்துவிடவில்லை, ஒழிந்தது இலாபமே.

இவ்வரலாறு நம் காலத்தில் வேறோர் உருவில் மீண்டது. 1964இல் அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில் ஜெரோம் ஹோர்விட்ஸ், அரசு நிதியின் துணையுடன், புற்றுநோய்க்கென ஏ.இசட்.டி. என்னும் சேர்மத்தை ஆக்கினார். அந்நோய்க்கு அது பயன்படவில்லை. 1985இல் அதுவே எச்.ஐ.வி. கிருமியைத் தடுப்பது ஆய்வுக்கூடத்தில் புலனாயிற்று. அக்கிருமி தன் மரபுச் செய்தியை டி.என்.ஏ. ஆகப் படியெடுக்கையில் தைமிடின் முதலிய மணிகளைச் சங்கிலியாகக் கோக்கிறது. ஏ.இசட்.டி.யோ தைமிடினை ஒத்த போலி மணி. அடுத்த மணியைப் பற்றும் கொக்கி அதில் இல்லை. அது புகுந்த இடத்தில் சங்கிலி அறுகிறது.

1987இல் இம்மருந்து விற்பனைக்கு வந்தபோது ஓராண்டுச் செலவு 10,000 டொலரை நெருங்கியது. காப்புரிமை கம்பெனியிடம் இருந்தது. பரிசோதனைச் செலவை அது ஏற்றது மெய்யே. ஆயினும் விதை பொதுப்பணத்தில் விளைந்ததன்றோ?

1986இல் சென்னையில் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். இந்தியாவின் 1970ஆம் ஆண்டுச் சட்டம், மருந்துப் பொருளுக்கன்றி அதன் செய்முறைக்கே காப்புரிமை வழங்கியது. இதனால், ஹைதராபாத் அரசு ஆய்வகத்தில் ஏ. வி. ராமாராவ் குழுவினர் வேறு வழியில் ஏ.இசட்.டி.யை ஆக்க முடிந்தது. சிப்லா நிறுவனம் 1993இல் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. 2001 பெப்ரவரியில், மூன்று மருந்துகள் கூடிய ஓராண்டுச் சிகிச்சையை 350 டொலருக்குத் தருவதாக, எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அந்நிறுவனத்தின் யூசுப் ஹமீத் அறிவித்தார். மேனாடுகளில் இத்தகைய கூட்டுச் சிகிச்சைக்கு 10,000 டொலருக்கு மேற்பட்ட காலம் அது. மூலக்கூறுகள் அவையே; வேறுபட்டது சட்டம்.

மருந்து மக்களுக்கே என்னும் இக்கொள்கை நம் நாட்டுக்கும் புதிதன்று. 1971இல் சேனக பிபிலே அரசு மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தைத் தொடக்கி வைத்ததும் இதன் பொருட்டே. ஆனால், 2005இல் இந்தியா உலக வர்த்தக விதிகளுக்கிணங்கி, மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை வழங்கத் தொடங்கிற்று.

அன்று பட்டை உரித்த கைகளுக்கு அதன் விலையைத் தீர்மானிக்கும் உரிமை இருந்ததில்லை. மருந்தின் இரசாயனத்தை மாணவருக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள், அதன் விலையின் வரலாற்றையும் உடன் கற்பிப்பார்களாக.