சென்னையின் ஆண்டு வீட்டுவசதிக் கணக்கு: எண்ணப்படும் வீடுகளும் எண்ணப்படாத மக்களும்

தமிழ்நாடு சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதம் நடைபெறும்போது, ஒவ்வொரு துறையும் தன் ஆண்டுப் பணிகளைக் கூறும் கொள்கை விளக்கக் குறிப்பை அவையில் வைப்பது வழக்கம். வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறையின்கீழ் இயங்கும் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பணிகளும் அவ்வாறே பதிவாகின்றன. சென்னையில் எத்தனை அடுக்குமாடி வீடுகள் கட்டி முடிக்கப்பட்டன, எத்தனை கட்டப்பட்டு வருகின்றன, எத்தனை கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது என்பவற்றை அறிய இதுவே முதன்மையான அரசு ஆவணம்.

இந்த ஆவணம் கட்டடங்களின் கணக்கு. அக்கட்டடங்களுக்குள் கொண்டுசெல்லப்படும் மக்கள் எங்கிருந்து வந்தனர், எவ்வளவு தொலைவு அனுப்பப்பட்டனர், அவர்களில் தலித்துகள் எத்தனை பேர், பழைய இடத்தில் இழந்தவை யாவை என்னும் வினாக்களுக்கு விடைதேடும் நோக்கில் அது எழுதப்படுவதில்லை. ஆண்டுக்கணக்கு வளர்ந்துகொண்டே செல்லும்போது, சென்னையின் உழைக்கும் மக்கள் நகரத்தின் நடுப்பகுதியிலிருந்து விலகிக்கொண்டே செல்வது எவ்வாறு என்பதை விளங்கிக்கொள்ள, அந்தக் கணக்கை அதன் வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டியுள்ளது.

வாரியம் கடந்து வந்த பாதை

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970இல் மு. கருணாநிதி தலைமையிலான அரசால் தொடங்கப்பட்டது. ‘ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்’ என்னும் அண்ணாவின் முழக்கம் அதன் குறிக்கோள் வாசகமாயிற்று. அடுத்த ஆண்டு, குடிசைப் பகுதிகளை மேம்படுத்துவதற்கும் அகற்றுவதற்குமான 1971ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தொடக்க ஆண்டுகளில் வாரியத்தின் அணுகுமுறை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே வீடு என்பதாக இருந்தது. மெரினா கடற்கரையை ஒட்டிய குப்பங்களிலும் நகரின் உட்பகுதிகளிலும் இன்றும் நிற்கும் பழைய மாடிக் குடியிருப்புகள் அக்காலத்தின் எச்சங்கள்.

1970களின் பிற்பகுதியில் உலக வங்கியின் கடனுதவியோடு சென்னை நகர வளர்ச்சித் திட்டம் வந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனைகளும் அடிப்படை வசதிகளும் வழங்கப்பட்டன. குடிசைப் பகுதிகளை அதே இடத்தில் மேம்படுத்தி, குடியிருப்போர்க்கு மனை உரிமை அளிக்கும் முயற்சியும் நடந்தது. குறைகள் இருந்தபோதிலும், நகரத்தில் ஏழைகளுக்கு நிலம் உண்டு என்னும் கொள்கையை இவ்விரு கட்டங்களும் ஏற்றிருந்தன.

மூன்றாம் கட்டம் அக்கொள்கையைக் கைவிட்டது. ஆற்றங்கரை, கால்வாய்க்கரை, சாலையோரக் குடியிருப்புகளை அகற்றி, நகர எல்லைக்கு வெளியே பெருந்தொகுப்புக் குடியிருப்புகளில் அமர்த்துவது வழக்கமாயிற்று. 2000ஆம் ஆண்டு முதல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் உருவானது. அங்கு 15,656 வீடுகள் கட்டப்பட்டன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர்ச் செம்மஞ்சேரியில் 6,764 வீடுகள் எழுந்தன. ஜவகர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின் நிதியில் பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள் எட்டு அடுக்குகளாகக் கட்டப்பட்டன. 2015 பெருவெள்ளத்தை அடுத்து, அடையாறு, கூவம் கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் பெருமளவில் கொண்டுசெல்லப்பட்டது பெரும்பாக்கத்துக்கே.

2021 செப்டம்பரில் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாற்றப்பட்டது. ‘குடிசை’ என்னும் சொல்லோடு ஒட்டியிருந்த இழிவு பெயரளவில் நீங்கியது. ‘வாழ்விடம்’ என்னும் புதிய சொல் வீட்டைவிடப் பரந்த பொருள் உடையது. வேலை, பள்ளி, மருத்துவமனை, உறவு, வழிபாடு அனைத்தையும் அது உள்ளடக்கும். அப்பொருளுக்கு ஏற்ப ஆண்டுக்கணக்கும் மாறியதா என்பதே கேள்வி.

1,219க்குப் பின் வராத எண்

1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் காப்பு, சட்டப்படி அறிவிக்கப்பட்ட குடிசைப் பகுதிகளுக்கே உரியது. அறிவிக்கப்பட்ட பகுதியில் குடியிருப்போரை வெளியேற்ற, உரிய அலுவலரின் முன் அனுமதி பெறவேண்டும். அப்பகுதியை மேம்படுத்தும் பொறுப்பும் அரசைச் சேர்கிறது. சென்னையில் 1971இல் 1,202 பகுதிகள் இவ்வாறு அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17 சேர்க்கப்பட்டன. அதன்பின் பல பத்தாண்டுகளாகப் புதிய அறிவிப்புகள் வரவில்லை. நகரமோ பன்மடங்கு வளர்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அன்றைய சென்னை மாநகரில் 13.4 லட்சம் பேர் குடிசைப் பகுதிகளில் வாழ்வதாகக் கூறியது. நகர மக்களில் இது நான்கில் ஒரு பங்குக்கும் அதிகம்.

அறிவிக்கப்படாத பகுதியில் வாழ்பவர் அரசு ஆவணத்தில் ‘ஆக்கிரமிப்பாளர்’ ஆகிறார். இரண்டு தலைமுறை ஒரே இடத்தில் வாழ்ந்து, வாக்காளர் அட்டையும் குடும்ப அட்டையும் மின் இணைப்பும் பெற்றிருந்தாலும் நிலை மாறுவதில்லை. அறிவிப்பு என்பது எழுத்தர் மேசையின் சடங்கன்று. வெளியேற்றத்துக்கும் மேம்பாட்டுக்கும் இடையிலான சட்டக்கோடு அதுதான். ஆண்டுக்குறிப்பில் இந்த ஆண்டு புதிதாக அறிவிக்கப்பட்ட பகுதிகள் எத்தனை என்று தேடுவதே வாசகரின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

நீதிமன்றங்கள் வழங்கிய காப்பும் வரம்புக்குட்பட்டதே. 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வாழ்வுரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் மாற்று இடம் அளிப்பதை எல்லா வெளியேற்றங்களுக்கும் முன்நிபந்தனையாக்கவில்லை. அதே காலத்தில் சென்னைக் குடிசைவாசிகளுக்காக, பின்னாளில் நீதிபதியான கே. சந்துரு தொடுத்த வழக்கிலும் தீர்ப்பு வந்தது. குடிசைவாசிகள் நலனில் தமிழ்நாடு அரசு காட்டிவரும் அக்கறை தொடரும் என்று நீதிமன்றம் நம்பிக்கை தெரிவித்தது. அந்த நம்பிக்கை கட்டளையாக மாறாததால், பின்வந்த அரசுகளின் விருப்பத்தைப் பொறுத்ததாயிற்று.

தொலைவின் விலை

பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 1979இல் இணைந்தது. அதன் கண்காணிப்புக் குழு 1991இல் வெளியிட்ட பொதுக்கருத்து 4, போதுமான வீடு என்பதற்கு ஏழு கூறுகளை வரையறுக்கிறது: குடியிருப்புரிமையின் உறுதி, அடிப்படை வசதிகள், தாங்கத்தக்க செலவு, வாழத்தக்க தன்மை, அனைவருக்கும் எட்டும் நிலை, அமைவிடம், பண்பாட்டுப் பொருத்தம். ஆண்டுக்குறிப்பு பெருமையோடு கூறும் சதுர அடியும் அடுக்குகளின் எண்ணிக்கையும் இவற்றுள் ஓரிரு கூறுகளையே தொடுகின்றன. அமைவிடம் என்னும் கூறு கணக்கில் விடுபட்டுப் போகிறது.

கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் பழைய குடியிருப்புகளிலிருந்து ஏறத்தாழ 20 முதல் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. தூய்மைப் பணி, வீட்டு வேலை, மீன் விற்பனை, கட்டட வேலை, சுமைப்பணி ஆகியவை அதிகாலையில் தொடங்குபவை. வேலையிடத்துக்கு அருகில் வாழ்ந்தால் மட்டுமே கட்டுபடியாகுபவை. நகரைத் துப்புரவு செய்பவர் நகருக்கு வெளியே வாழ வைக்கப்படும்போது, கூலியின் ஒரு பகுதி பேருந்துக் கட்டணமாகவும் உறக்கத்தின் ஒரு பகுதி பயண நேரமாகவும் கழிகின்றன. முதலில் வேலையை விடுபவர் பெண்கள். முதலில் பள்ளியை விடுபவர் பிள்ளைகள். வீட்டு மற்றும் நில உரிமைகள் வலையமைப்பு 2014இல் வெளியிட்ட ஆய்வு, கண்ணகி நகரில் இத்தகைய இழப்புகளைப் பதிவு செய்துள்ளது.

இதற்கு மேல் முகவரியின் சுமையும் உண்டு. ஊர், சேரி என்று கிராமத்தில் பிரிந்து நின்ற நிலம், நகரத்தில் குடியிருப்பின் பெயராக மாறி நிற்கிறது. கண்ணகி நகர் என்று சொன்னால் வேலை மறுக்கப்படுவதாகவும் காவல்துறையின் ஐயப்பார்வைக்கு ஆளாவதாகவும் அங்குள்ள இளைஞர்கள் நெடுங்காலமாகக் கூறி வருகின்றனர்.

அருகில் வீடு தர இயலாது என்னும் வாதத்துக்கு 2022 மே மாதம் ஒரு விடை கிடைத்தது. ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி வீடுகள் இடிக்கப்பட்டபோது, ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். அதன்பின், வெளியேற்றப்படும் குடும்பங்களுக்கு அருகிலுள்ள மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளில் வீடு ஒதுக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓர் உயிர் போன பின்னர் இயன்றது, அதற்கு முன்னரும் இயன்றிருக்கும்.

மறுகட்டுமானமும் தரமும்

அண்மை ஆண்டுகளில் குறிப்பின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்வது, பழுதடைந்த பழைய குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் கட்டும் பணி. கொள்கையளவில் இது வரவேற்கத்தக்கது. மக்கள் நகரத்திலேயே இருக்கின்றனர். எனினும் இரண்டு நிகழ்வுகளை மறத்தல் ஆகாது. 2021 ஆகஸ்டில், புளியந்தோப்பு கேசவப்பிள்ளை பூங்காவில் புதிதாகக் கட்டப்பட்ட வீடுகளின் சுவர்ப்பூச்சு கை பட்டாலே உதிர்ந்தது வெளிச்சத்துக்கு வந்தது. சட்டமன்றம் வரை அது சென்றது. அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று, திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட கட்டடம் இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்ட மக்கள் தாமாக வெளியேறியதால் உயிரிழப்பு நேரவில்லை. கட்டி முடிக்கப்பட்ட வீடு எனக் கணக்கில் ஏறுவது, வாழத்தக்க வீடு என்பதற்குச் சான்றாகாது.

இடிக்கப்படும் வீட்டிலிருந்து வெளியேறும் குடும்பத்துக்கு அரசு கருணைத்தொகை வழங்குகிறது. 8,000 ரூபாயாக இருந்த அத்தொகை 24,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கட்டுமானம் ஒன்றரை ஆண்டில் முடியும் என்று கொண்டால் மாதத்துக்கு 1,333 ரூபாய் ஆகிறது. வட சென்னையிலும் அத்தொகைக்கு ஓர் அறை வாடகைக்குக் கிடைப்பது அரிது. பணி தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் குடும்பத்தின் கடனில் சேர்கிறது. உரிமையாகத் தரவேண்டிய ஈட்டுத்தொகைக்குக் ‘கருணை’ என்று பெயரிட்டிருப்பதும் கவனத்துக்குரியது.

கணக்கில் சாதி எங்கே?

2011 கணக்கெடுப்பின்படி சென்னை மக்களில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 17 விழுக்காடு. மறுகுடியமர்வுப் பகுதிகளில் அவர்களின் செறிவு அதைவிட மிகுதி என்பதைக் களப்பணியாளர் அனைவரும் அறிவர். ஆயின் வெளியேற்றப்பட்டோரின் சாதிவாரி விவரம் குடியிருப்பு வாரியாக வெளியிடப்படாத வரை, இது கண்ணால் கண்ட உண்மையாகவே நிற்கும். கொள்கையை மாற்றும் சான்றாக மாறாது.

திட்டங்களின் அமைப்பிலும் சாதி மறைந்து இயங்குகிறது. 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தில், பயனாளி தாமே வீடு கட்டிக்கொள்ளும் பிரிவுக்கு 1.5 லட்சம் ரூபாய் மத்திய மானியம் உண்டு. அதற்குச் சொந்த மனை வேண்டும். தலைமுறைகளாக நிலம் மறுக்கப்பட்ட சமூகம் இந்நிபந்தனையின் வாசலிலேயே நின்றுவிடுகிறது. மனையுள்ளவருக்கு அவர் ஊரிலேயே வீடு. மனையற்றவருக்குத் தொலைவில் அடுக்குமாடி.

இதில் ஒரு வரலாற்று முரண் உள்ளது. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராகப் பொறுப்பு வகித்த டிரமென்கீர், தலித் மக்களின் நிலமற்ற நிலையை விவரித்து 1891இல் அறிக்கை அளித்தார். அதன் விளைவாக 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அந்த நிலங்களின் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. நிலமிழந்தோர் பலர் சென்னைக்கு வந்தனர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று அதே பழைய செங்கல்பட்டு மண்ணில், ஒரு பிடி நிலமும் இன்றி, எட்டாம் மாடியில் குடியமர்த்தப்படுகின்றனர்.

சட்டத்திலும் ஓர் இடைவெளி இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தப்படி, பட்டியல் சாதி, பழங்குடியினரை வீட்டையோ ஊரையோ விட்டு வெளியேறச் செய்வது குற்றம். ஆனால் பொதுக்கடமையை நிறைவேற்றும் பொருட்டு எடுக்கப்படும் நடவடிக்கைக்கு அப்பிரிவு விலக்கு அளிக்கிறது. தனியார் செய்தால் வன்கொடுமை. அரசு செய்தால் வளர்ச்சிப்பணி.

குறிப்பைப் படிப்பவர் கேட்க வேண்டியவை

மாணவரும் களப்பணியாளரும் ஆண்டுக்குறிப்பைக் கையில் எடுக்கும்போது பின்வரும் வினாக்களை உடன் வைத்துக்கொள்ளலாம். குறிப்பில் விடை இல்லாதவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வாரியத்திடமும் மாநகராட்சியிடமும் கேட்கலாம்.

1. இந்த ஆண்டு அகற்றப்பட்ட குடியிருப்புகள் எவை? குடும்பங்கள் எத்தனை? அவர்களுள் பட்டியல் சாதியினர் எத்தனை?
2. ஒவ்வொரு குடியிருப்பும் எவ்வளவு தொலைவுக்கு மாற்றப்பட்டது?
3. கணக்கெடுப்பில் விடுபட்டோர், வாடகைக்கு இருந்தோர், தனித்து வாழும் பெண்கள் ஆகியோருக்கு வீடு கிடைத்ததா?
4. வழங்கப்பட்டது ஒதுக்கீட்டு ஆணையா, விற்பனைப் பத்திரமா? முன்னது அரசால் நீக்கப்படக்கூடியது, பின்னதே உரிமை.
5. பயனாளி பங்குத்தொகை எவ்வளவு? செலுத்த இயலாதவரின் நிலை என்ன?
6. பட்டியல் சாதியினர் துணைத்திட்ட நிதி இதில் செலவிடப்பட்டதா? ஆம் எனில், அது தலித் குடும்பங்களைப் பெயரளவில் சென்றடைந்ததா, உண்மையில் சென்றடைந்ததா? மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கெனத் தமிழ்நாடு 2024இல் தனிச்சட்டம் இயற்றியபின் இக்கேள்விக்கு வலு கூடியுள்ளது.
7. மக்களோடு கலந்தாய்வு நடந்ததா? எப்போது, எங்கே, இசைவு எவ்வாறு பெறப்பட்டது? மறுகுடியமர்வுக்கான வரைவுக் கொள்கையை 2021இல் அரசே மக்கள் கருத்துக்கு வைத்தது என்பதை இங்கே நினைவூட்டலாம்.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதி விவரமும் சேர்க்கப்படும் என்று மத்திய அரசு அறிவித்துள்ளது. வீட்டையும் சாதியையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அப்போது கிடைக்கலாம். அதற்குள் அகற்றப்படும் ஆற்றங்கரைக் குடியிருப்புகள் அந்தக் கணக்கில் பழைய இடத்தில் இரா. எனவே ஒவ்வொரு குடியிருப்பிலும் குடும்பங்கள், தொழில், பள்ளி, வசித்த ஆண்டுகள் ஆகியவற்றை மக்களே பதிவு செய்துவைப்பது இப்போதே தொடங்கவேண்டிய பணி. அடுத்த மானியக் கோரிக்கையின்போது அவையில் வைக்கப்படும் வீடுகளின் எண்ணுக்கு எதிரே, மக்களின் எண்ணையும் வைக்க அது உதவும்.