பூஜை அறைக் கதவும் ஜேம்ஸ் வாட்டும்

பூஜை அறைக்குத் தேக்கில் கதவு செய்யலாம் என்று தில்லி கீர்த்தி நகர் மரச்சந்தைக்குப் போயிருந்தேன். சந்தில் ஒரு சின்னக் கடை, உள்ளே ஒரு சிஎன்சி ரவுட்டர். கதவின் நடுவில் தமிழ் ஓம், அதற்குள் ஒரு வேல். நான் கேட்டது அவ்வளவுதான். கடைப் பையன் கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கான படங்களைத் தள்ளிக் காட்டினான். தாமரை, மயில், பிள்ளையார், இந்தி ஓம். தமிழ் ஓம் மட்டும் இல்லை. "எல்லாரும் இதைத்தான் சார் போடறாங்க" என்றான் இந்தியில்.

அந்தப் படங்கள் எல்லாமே சாம்பல் நிறம். வெள்ளையாக இருக்கும் இடம் மேடு, கறுப்பு பள்ளம். மரத்தில் ஆறு மில்லிமீட்டர் ஆழமே உள்ள புடைப்பு வேலைக்கு இது போதும். சாதாரணப் படத்தில் 256 சாம்பல் படிகள். ஆறு மில்லியை 256 ஆக வகுத்தால் ஒரு படி 0.023 மில்லி, கண்ணுக்குத் தெரியாது. அதே படத்தை 25 மில்லி ஆழத்துக்கு இழுத்தால் மயிலின் கழுத்தில் மாடிப்படி தெரிய ஆரம்பித்துவிடும்.

சரி, இந்தச் சாம்பல் மயிலை முதலில் செதுக்கியது யார்? பையனுக்குத் தெரியவில்லை. "பென் டிரைவில் வந்தது சார்."

இந்தக் கேள்விக்கு இருநூறு வருஷத்துக் கதை இருக்கிறது. நீராவி எஞ்சின் ஜேம்ஸ் வாட் நமக்குத் தெரியும். வயதான காலத்தில் பர்மிங்ஹாம் வீட்டுப் பரணில் உட்கார்ந்து அவர் செய்துகொண்டிருந்தது சிற்பத்தை நகலெடுக்கும் மெஷின். ஒரு முனை மூலச் சிலையைத் தடவிக்கொண்டே போகும், இன்னொரு பக்கம் சுழலும் கத்தி அதே அசைவில் புதுக் கல்லைச் செதுக்கும். அதே அளவில் நகலெடுக்க ஒன்று, சிறிதாக்கி எடுக்க ஒன்று. 1819-ல் அவர் இறந்தார். பரண் பூட்டியே கிடந்தது. 1924-ல் அதை அப்படியே லண்டன் சயன்ஸ் மியூசியத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

இதைக் கடைச்சரக்காக ஆக்கியவர் தாமஸ் ஜோர்டன். 1834-ல் எரிந்துபோன பிரிட்டிஷ் பாராளுமன்றத்தை மறுபடி கட்டும்போது மர அலங்காரம் மலைபோல் தேவைப்பட்டது. கையால் செதுக்கி முடிகிற காரியமில்லை. ஜோர்டன் 1845-ல் காப்புரிமை வாங்கிய மெஷின், ஒரு மாதிரியை வைத்துப் பல பலகைகளை ஒரே நேரத்தில் குடைந்தது. ஆனால் குடைந்து தள்ளும் முரட்டு வேலை மட்டுமே மெஷினுக்கு. கடைசித் தீட்டல் ஆசாரிகள் கையில். மாதிரியைச் செய்ததும் ஒரு ஆசாரிதான். ஆரம்பத்திலும் முடிவிலும் கை, நடுவில் மெஷின். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது.

அப்புறம் தடவும் முனை போய் எண்கள் வந்தன. ஹெலிகாப்டர் இறக்கைக்காக அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் ஆரம்பித்த யோசனையை எம்ஐடி எடுத்துக்கொண்டு, 1952-ல் துளையிட்ட நாடாவால் ஓடும் மில்லிங் மெஷினைக் காட்டியது. விமானம், கார் என்று சுற்றிவிட்டு அது மரக்கடைக்கு வந்து சேர நாற்பது வருஷம் போல ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், நம் ஊர்ப் பட்டறைகள் வரை பரவிய ஆர்ட்கேம் மென்பொருளை எழுதியது டெல்கேம் என்ற கம்பெனி. அதுவும் பர்மிங்ஹாம்தான்! 2014-ல் ஆட்டோடெஸ்க் அதை வாங்கியது, 2018-ல் ஆர்ட்கேம் விற்பனையை நிறுத்தியது. பெயர் மட்டும் பட்டறைகளில் இன்னும் புழங்குகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மயிலாடுதுறையில் இருக்கும் அப்பாவிடம் தடித்த ஸ்கெட்ச் பேனாவால் ஓம் எழுதி, நடுவில் ஒரு வேல் போட்டு போட்டோ அனுப்பச் சொன்னேன். எண்பது தாண்டியவர். ஓ-வின் சுழியில் கை கொஞ்சம் நடுங்கியிருந்தது.

இதற்கு சாம்பல் படம் வேண்டாம், வி வடிவ பிட் போதும். எழுத்தின் ஓரங்களை மென்பொருள் கோடாக்கிக்கொள்ளும். பிறகு அது நடுக்கோடு தேடும் முறை அழகானது. ஹாரி பிளம் என்பவர் 1967-ல் உயிரினங்களின் உருவத்தைப் படிக்கச் சொன்ன கணக்கு அது. காய்ந்த புல்தரையை எல்லா ஓரத்திலும் ஒரே சமயத்தில் கொளுத்தினால், தீயும் தீயும் சந்திக்கும் இடமே நடுக்கோடு. பிட் அதன்மேல் ஓடும். எழுத்து அகலமானால் ஆழம் இறங்கும், குறுகினால் மேலே வரும். 90 டிகிரி பிட் என்றால் 12 மில்லி அகலத்துக்கு 6 மில்லி ஆழம். மூலைக்கு வரும்போது பிட் மேலேறி வெளியே வந்துவிடுவதால், உளியால் வெட்டியதுபோல் மூலை கூர்மையாக நிற்கும்.

பையன் சுழியின் நெளிவைப் பார்த்துவிட்டு, "ஸ்மூத் பண்ணிடறேன் சார்" என்று மவுஸைக் கொண்டுபோனான். வேண்டாம் என்றேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். "யார் எழுதினது?" என்று கேட்டான். சொன்னேன். அதற்கப்புறம் ஒன்றும் பேசாமல் பலகையைக் கவ்வியில் இறுக்கினான்.

மயில் போட்டிருந்தால் மூன்று மணி நேரம் ஓடியிருக்குமாம். இது இருபது நிமிஷத்தில் முடிந்தது. உப்புத்தாள் மட்டும் நானே வாங்கிவந்து தேய்த்தேன். சுழியின் பக்கம் அதிகம் தேய்க்கவில்லை.